இஞ்சால, அங்கால

குளியலறைத் தராசைக் குசினிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து என் மனிசன் சாமான் நிறுக்கிறார். புட்டுப்பானை, இடியப்ப உரல், மிளகாய்த்தூள் டப்பா, என் கம்பளிச் சட்டைகள் எல்லாம் அதில் ஏறி இறங்குகின்றன. சனிக்கிழமை விடியக் காருக்குப் பின்னால் கரவனைக் கொழுவிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் புறப்படுகிறோம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம். அந்தச் சக்கர வீட்டுக்குள் ஓரளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாதாம். பின்பக்கம் பாரம் கூடினால் பெருந்தெருவில் அது வாலாட்டத் தொடங்கிவிடுமாம். அதனால் வீட்டில் கரண்டிக்கும் விசாரணை. கரண்டி லாச்சியை இழுத்து, அடியில் கிடந்த ஒன்றை எடுத்து இவர் தூக்கிப் பிடித்தார்.

"இது தேவையோ?"

உருளைக்கிழங்கு மசியல் அள்ளும் கரண்டி. நாங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரிக் குசினிக்குப் புதுக் கரண்டிகள் வந்த அன்று, குப்பைக்குப் போக இருந்த இதை எடுத்து, "இந்தா, உனக்குப் பென்ஷன்" என்று என் பைக்குள் திணித்தாயே, அதுதான். தராசில் வைத்தார். எண் பூச்சியத்திலிருந்து அசையவே இல்லை.

"தேவை" என்றேன். குரல் கொஞ்சம் கூடிப்போயிற்று. இவர் அதைப் பெட்டிக்குள் போட்டார்.

நீ கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. இந்தப் பயணத்தைப் பற்றி நான் வாய்விட்டுக் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். வேறு எவரிடம் போய், "கட்டின புருசனோடு ஆறு கிழமை ஒரு பெட்டிக்குள் இருக்கப் பயமாக இருக்கிறது" என்று சொல்வது? மகளிடம் சொன்னால் சிரிப்பாள். கோயிலில் சொன்னால் அடுத்த வெள்ளிக்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும்.

இருபத்திரண்டு வருடம் நாங்கள் ஒரு பெல்ட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றோம். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் நடுவால் ஓடும். நீ கிழங்கு வைப்பாய், நான் கிரேவி ஊற்றுவேன். முதல் மூன்று மாதம் 'நீர்' போட்டு மரியாதையாகத்தான் கதைத்தோம். ஒருநாள் நீரிழிவுக்காரர் ஒருவரின் தட்டில் நான் கஸ்டர்டை வைத்துவிட்டேன். மூடி விழுவதற்குள் நீ எட்டிப் பறித்து, "எடி விசரி, ஆளைக் கொல்லப் போறியோ?" என்று கத்தினாய். அதற்குப் பிறகு 'நீர்' திரும்பி வரவே இல்லை.

நீ ஜெர்மனியிலிருந்து வந்தபோது உன் கையில் ஒரு பெட்டியும் ஒரு பிள்ளையும் இருந்தன. உன் மனிசன் அங்கேயே நின்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே நீயாகச் சொன்னாய். "அகதி முகாமில ஒரு அறை. ஏழு வருசம். கண்ணைத் திறந்தாலும் அவர், மூடினாலும் அவர்." அவ்வளவுதான் சொன்னாய். எனக்கு அப்போது உன்மேல் இரக்கம் வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும் வந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தொல்லையும் இல்லையே என்ற பெருமை.

தொல்லை வர நேரம் எங்கே இருந்தது? இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். எனக்குப் பகல். காலை ஏழரைக்கு இவர் உள்ளே வருவார், நான் வெளியே போவேன், கதவடியில் பிள்ளை கைமாறும். மிச்சக் குடும்பம் முழுக்கப் பிரிட்ஜின் கதவில் நடந்தது. 'பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து பத்து மணிக்கு.' 'பால் முடிஞ்சுது.' 'உம்மட அண்ணை போன் எடுத்தவர்.' சண்டை பிடிப்பதற்குக்கூட அந்தத் துண்டுகளில் இடம் போதாது. "உங்கட கலியாணத்தை அந்தப் பிரிட்ஜெல்லோ நடத்துது" என்று நீ பகிடி பண்ணுவாய். நானும் சிரிப்பேன்.

ஆனால் இவரைப் பற்றி நான் உனக்குச் சொல்லாத குறை இல்லை. வாய் திறக்காத மனிசன், பிறந்தநாள் ஞாபகம் இல்லாத மனிசன், ஈரத் துவாயைக் கட்டிலில் போடும் மனிசன். தட்டுகள் ஓட ஓட நான் சொல்லுவேன், நீ கேட்பாய். எட்டு வருடம் இப்படிக் கேட்ட பிறகுதான், மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் இவரை முதன்முதலாக நேரில் கண்டாய். இவர் உனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், பலகாரத் தட்டை நீட்டினார், உன் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் நீ சொன்ன முதல் கதை, "இவரோ? நான் வேற ஆளையெல்லோ நினைச்சு வைச்சிருந்தனான்." எனக்கு அன்று முழுவதும் உன்மேல் கோபம். ஊராருக்குக் கதிரை போடுகிறவருக்கு என்னைக் கண்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

போன வசந்தத்தில் இவர் வேலையை விட்டார். இலையுதிர்காலத்தில் நானும் விட்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்தடவையாக ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேரும். பேசி முடிவெடுக்காமலே வீட்டைப் பிரித்துக்கொண்டோம். கீழ்மாடி இவருக்கு, மேல்மாடி எனக்கு. சாப்பாட்டுக்குக் குசினியில் சந்திப்போம். அப்படியே போயிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று, இவர் ஒருநாள் போய்க் கரவனை வாங்கிவிட்டார். "ஹவ் ரொமான்டிக், அம்மா!" என்றாள் மகள்.

முதல்நாள் உள்ளே ஏறிப் பார்த்தேன். பத்து அடி வைத்தால் மறுசுவர். கட்டிலை இழுத்தால் நிற்க இடமில்லை. ரொய்லெட்டுக்குப் போவதென்றால் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும். மேல்மாடி இல்லை. கோபம் வந்தால் போய் இருக்க இன்னோர் அறை இல்லை. எனக்கு மூச்சு முட்டியது. "நல்லா இருக்கோ?" என்று வாசலில் நின்று கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இவர் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. வில்லங்கமே அதுதான். கெட்ட மனிசன் என்றால் வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். கடைசியில் முழங்கால் நோவு என்று ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்துக்கொண்டேன். புறப்படுவதற்கு முதல்நாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சாமான் ஏற்றுவதற்காக, அதுவரை வாடகைத் தரிப்பிடத்தில் நின்ற கரவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்முற்றம் உனக்குத் தெரியும், மூன்று குப்பைத்தொட்டி வைத்தாலே நிறைந்துவிடும். அதற்குள் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். இவர் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ப் பழகியவர். நான் பின்னால் நின்று வழி சொல்ல வேண்டும்.

"இஞ்சால எடுங்கோ! இஞ்சால!" என்று கத்தினேன்.

காருக்குள் இருந்து இவர் திரும்பிக் கத்தினார். "எந்த இஞ்சால? உம்மட இஞ்சாலயோ, என்ர இஞ்சாலயோ?"

"ஐயோ, அங்கால! அங்கால!"

இஞ்சால என்றால் சொல்கிறவரின் பக்கம். அங்கால என்றால் மற்றப் பக்கம். சொல்கிறவள் பின்னால் நிற்க, கேட்கிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் இருந்தால் அந்த இரண்டு சொல்லாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. போதாக்குறைக்கு, கரவன் ஒரு பக்கம் போக ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்ப வேண்டுமாம். எதிர்வீட்டு மனுசி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சில் கொழுவுவது என்றால் மாட்டுவதும் ஆகும், சண்டை பிடிப்பதும் ஆகும். அன்று கரவனும் காரும் ஒரு கொழுவல், நாங்கள் இரண்டு பேரும் இன்னொரு கொழுவல்.

கரவன் குறுக்காக மடங்கி நின்றபோது நான் ஒரு மூலைக்குள் இருந்தேன். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் எங்கள் முன்னறை யன்னல், எதிரே கரவனின் பின்சுவர். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் வெளியே வர வழியும் இல்லை. அந்த யன்னலில் மேற்கண்ணாடி மட்டும்தான் திறக்கும். காரை முன்னால் எடுக்கலாம் என்றால், பார்சல் கொடுக்க வந்த வான் ஒன்று சரியாக எங்கள் காருக்கு முன்னால் நிற்கிறது. ஓட்டி வந்த ஆளைக் காணவில்லை.

"கீழால தவண்டு வர ஏலாதோ?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"நீங்கள் தவண்டு காட்டுங்கோ, பாப்பம்" என்றேன்.

சத்தம் நின்றுவிட்டது. என்னை விட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்போது கரவனின் பின்யன்னல் ஒரு சாண் திறந்தது. உள்ளே இவருடைய முகம்.

"பிளேன்ரீ போடட்டோ?"

தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. உள்ளே அடுப்பை மூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் முகம். "சீனி எத்தினை கரண்டி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சீனியை விட்டு ஒன்பது வருசம்! முப்பத்தொரு வருசமா ஒரு வீட்டில இருக்கிறம், என்ர தேத்தண்ணி உங்களுக்குத் தெரியாது!"

"எனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்பதுபோலக் கேட்டார். சீனியை விட்ட அன்று நான் சொன்னது உனக்கு. டாக்டர் பயமுறுத்தியதைச் சொன்னதும் உனக்கு. இவருக்குச் சொல்லவில்லை என்பதே அந்த மூலைக்குள் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. மதிலில் சாய்ந்து நின்று, வைத்திருந்த முழங்கால் பொய்யை மறந்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு உதுக்குள்ள வந்து இருக்க ஏலாது. ஆறு கிழமை ஏலாது. மூச்சு முட்டுது."

இவர் கோப்பையை யன்னல் இடைவெளியால் நீட்டினார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பிரிட்ஜில ஒட்டியிருக்கிறனே. ஒரு கிழமையாச்சு. நீர் பாக்கேல்லையோ?"

வேலையை விட்ட பிறகு நான் பிரிட்ஜின் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இனி என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம். இவர் விடவில்லை. தங்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் எந்த ரெயில் ஸ்டேஷன், எவ்வளவு தூரம், லண்டனுக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம். "ஏலாதெண்டா நீர் அண்டைக்கே ஏறி வீட்டை வரலாம். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

இப்படி ஒரு யோசனை இந்த மனிசனுக்கு வந்திருக்காது என்று எனக்கு உடனே பட்டது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுச் சொன்னார்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம், நான் ஷிப்டில் நின்ற ஒருநாள், இவர் தனியே சூப் கொண்டுவந்தாராமே. ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தாராமே. கரவன் வாங்கும் ஆசையை எனக்குச் சொல்வதற்கு முதலே உனக்குச் சொன்னாராம். நீ சிரித்துவிட்டுச் சொன்னாயாம், "அண்ணை, அவளை எங்க கூட்டிக்கொண்டு போனாலும் திரும்பி வாற வழியை முதலில காட்டிப்போடுங்கோ. வழி தெரிஞ்சா அவள் இருப்பாள்."

வான்காரன் வந்து வழி விட்டதும், எதிர்வீட்டு மனுசி சைகை காட்ட இவர் கரவனைச் சரியாக ஏற்றியதும் பிறகு நடந்தன. நான் நேரே குசினிக்குப் போனேன். பெற்றோல் ஷெட் காலத்துத் துண்டுகளில் கண்ட அதே கையெழுத்தில், ஒரு கடதாசி முழுக்க ஸ்டேஷன்கள். வடக்கே கடைசி இடத்தில் ரெயில் இல்லை. அதற்கு நேரே எழுதியிருந்தார்: 'பஸ் மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு. மன்னிக்கவும்.'

எனக்கு உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது, இப்போதும் முழுவதும் ஆறவில்லை. என் கதையை எல்லாம் கேட்டாய். இவருடைய கதையையும் கேட்டிருக்கிறாய். என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவள், அதை ஏன் என்னிடம் சொல்லாமல் இவரிடம் சொன்னாய்? சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு உன்னோடு சண்டை பிடித்திருப்பேன். அது உனக்குத் தெரியும். படுக்கையில் கிடந்துகொண்டு என்னோடு சண்டை பிடிக்க உனக்குத் தெம்பு இருக்கவில்லை என்றும் இப்போது நினைக்கிறேன்.

போகத்தான் போகிறேன். மூச்சு முட்டுவது நிற்கவில்லை. நேற்றும் உள்ளே கால்மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அந்தக் கடதாசியை மடித்து என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். முதல் இடத்திலேயே வண்டி ஏறினாலும் ஏறுவேன்.

ஆனால் ஒரு பாரம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் பெல்ட்டுக்குக் குறுக்கே உனக்குச் சொன்ன கதைகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இவர் கேட்டதில்லை. ஆறு கிழமைக்கு எனக்குப் பக்கத்தில் காது என்று இருக்கப்போவது இவருடையது மட்டும்தான். அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் இவரைப் பற்றிய குறை. அதையும் இனி இவரிடம்தான் சொல்ல வேண்டும்.