சீன எழுத்து மாப்பிள்ளை

6 ஜூன் 2025, வெள்ளி
மதியம் எங்கள் திருமணத் தகவல் மையக் கம்ப்யூட்டரில் ஒரு வரன் தேடினேன். கோம்பைக்காரர், இருபத்தெட்டு வயது, டிராக்டர் ஷோரூமில் வேலை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சீன எழுத்து! பக்கத்து நாற்காலி ஜான்சி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சலு, சின்னமனூருக்குச் சீனாவுல இருந்தெல்லாம் வரன் வருதாடி?" எனக்கும் சிரிப்புதான். வரன் கோப்பு எப்படியோ கெட்டிருந்தது. முந்தாநாள் எடுத்த நகலை வைத்துச் சரிசெய்தேன். நேற்றுப் பதிந்த ஒன்பது வரன்களை மறுபடி அடித்தேன்.

9 ஜூன், திங்கள்
போன மாதம்வரை மையத்தில் ஒரே கம்ப்யூட்டர். இப்போது மூன்றிலிருந்தும் ஒரே வரன் கோப்பைத் திறக்கிறோம். நடுவில் வைஃபை அறுந்தால் கோப்பு கெடுமாம், வீடியோவில் சொன்னார்கள். இன்று வைஃபைக்குப் பதிலாகச் சுவரோரம் ஒயர் இழுத்தேன். பல்லி முட்டை இரண்டு உடைந்தது. பாவம்.

13 ஜூன், வெள்ளி
மறுபடியும். இந்த முறை கோப்பே திறக்கவில்லை. முதலாளி சின்னச்சாமி அண்ணன் சத்தம் போடவில்லை, அதுதான் பயம். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா தேனியில இருந்து டிகிரி முடிச்ச ஆளத்தான் உக்கார வைக்கணும் ஆத்தா."
நான் பத்தாவதோடு நின்றவள். இந்த நாற்காலி போனால் திராட்சைத் தோட்டம்தான், கத்தரிக்கோல்தான். வெயில்கூடப் பரவாயில்லை. வாயே திறக்காமல் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய இடம் இது ஒன்றுதானே?

16 ஜூன், திங்கள்
வரன் தேடும் திரைப் படிவங்களைக் கோப்பிலிருந்து தனியாகப் பிரித்து, அவரவர் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தேன். பொதுக் கோப்பில் வரன் விவரம் மட்டும். வேகமும் கூடிவிட்டது.

18 ஜூன், புதன்
கெடவில்லை!

20 ஜூன், வெள்ளி
கெட்டுப்போச்சு. அண்ணன் உச்சிப்பொழுதுல கிளம்பி உத்தமபாளையம் போயிட்டாக, அதனால தெரியாது. நகல வச்சு ஒட்டிட்டேன். நான் என்னதான் பண்ணாம விட்டேன்?

22 ஜூன், ஞாயிறு
மாதா கோயிலிலிருந்து வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஆறு, பதிமூன்று, இருபது. மூன்றும் வெள்ளி.
வெள்ளிக்கிழமை காலையில் — ஐயோ.
அண்ணன் கம்ப்யூட்டர்களை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மணியடித்துக் கும்பிடுவார். ஷாக் அடிக்கும் என்று முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். யு.பி.எஸ். பேட்டரி செத்து நாளாகிறது. கோப்பை அப்படியே திறந்துபோட்டுவிட்டு நாங்கள் மூவரும் பக்தியாக எழுந்து நிற்போம். நானும்தான்.

24 ஜூன், செவ்வாய்
சொல்லலாம் என்று மூன்று தடவை அவர் அறைக்குப் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ராயப்பன்பட்டி வேதக்காரப் பிள்ளை சாமி கும்பிடுவதைக் குறை சொல்கிறது என்று நினைத்துவிட்டால்?

26 ஜூன், வியாழன்
சொல்லிவிட்டேன். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. "மெயின இறக்குறதுக்கு முந்தியே மணிய அடிச்சிருங்கண்ணே. நாங்க கோப்ப மூடிக்கிறோம்."
அண்ணன் மெயினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தன நாளும் கெடுத்தது நாந்தானா?"
ஜான்சி அக்காதான், "சீனாக்காரன உள்ள விட்டது நீங்கதாண்ணே" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார்.

27 ஜூன், வெள்ளி
மணி. மூடினோம். மெயின். சாயந்தரம்வரை எல்லா மாப்பிள்ளைகளும் தமிழில்தான் இருந்தார்கள்.

4 ஜூலை, வெள்ளி
மணி அடித்தபோது கோப்பை நகலெடுப்பது இன்னும் முடியவில்லை. அண்ணன் ஒரு கையில் ஈரத்துணியும் மறுகை மெயின் மேலுமாக நின்று, "ஏஞ்சலு, இறக்கட்டுமா?" என்றார்.
"ரெண்டு நிமிசம்ணே" என்றேன்.
நின்றார்.