முப்பது நாள் அறிவித்தல்

கற்பிட்டி,
19.09.2018

அன்பு மகள் மெலனிக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் மார்த்தா மாமியும் சுகமாக இருக்கிறோம். அதேபோல நீயும் மருமகன் றொகானும் பேரன் தினுஷனும் மெசினாவில் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பார்த்துக்கொள்கிற அப்பா திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே மழை இன்னும் வரவில்லை, வெங்காயத்துக்கு நிலம் பண்படுத்தியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மார்த்தா மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை இந்த ஊர் வெயிலுக்குச் சரிவராது என்றாலும் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. எதை முதலில் சொல்வது என்று தெரியாததால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன், நீ பொறுமையாக முழுவதையும் வாசிக்கவேண்டும்.

நீ எடுத்துத் தந்த கைத்தொலைபேசி இணைப்பை நிறுத்துவதற்கு அறிவித்தல் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது பிழைதான். இரண்டு வருட ஒப்பந்தம் ஆடி மாதத்தோடு முடிகிறது என்று கலண்டரில் குறித்து வைத்திருந்தேன், அதோடு நிறுத்திவிடலாம் என்று கம்பனிக்குப் பதிவுத்தபாலில் கடிதம் போட்டேன். மூன்று கிழமை கழித்து, நான் ஆடி மூன்றாம் திகதி சம்மதித்தபடி ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீடிக்கப்பட்டிருக்கிறது, மேலும் விபரம் வேண்டுமானால் இந்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசவும் என்று பதில் வந்தது. நான் ஒருபோதும் சம்மதிக்கவில்லை, மகள், அப்படித்தான் நினைத்தேன். அந்த இலக்கத்துக்கு எடுத்தால் முதலில் பாட்டு, பிறகு மொழிக்கு ஒரு பொத்தான், விடயத்துக்கு ஒரு பொத்தான், நான் கண்ணாடியைப் போட்டுப் பொத்தானைத் தேடுவதற்குள் மறுபடி பாட்டு. நாலாம் நாள் ஒரு மனிதக் குரல் வந்தது. மார்த்தா மாமியை என் பக்கத்துக் கதிரையில் இருத்தி, அவர்கள் கேட்பதை அவள் கேட்டு எனக்கு உரத்துச் சொல்ல நான் பதில் சொல்வதாக ஏற்பாடு. தாயின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், அவள் என்னிடம் சொல்லாமல் தானே அல்பொன்சா என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் அதே தாய்தானே. ஆனால் இணைப்பின் சொந்தக்காரர்தான் பேசவேண்டும், வேறு ஆள் பேசினால் எடுத்துக்கொள்ளமாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். மாமி கோபத்தில், சொந்தக்காரர் பக்கத்தில மரம்மாதிரி இருக்கிறார், வந்து பாருங்கோ எண்டு வெறும் தொலைபேசிக்குக் கத்தினாள்.

கடைசியில் போன வியாழக்கிழமை பஸ்ஸில் புத்தளம் போய்க் கம்பனியின் கிளைக்குள் நுழைந்தேன். அடையாள அட்டை, ஒப்பந்தம், பதிவுத்தபால் பற்றுச்சீட்டு, அவர்களுடைய பதில், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி கொண்டுபோனேன். யதுர்சிகா என்ற பெண்பிள்ளை என்னைக் கவனித்தாள், உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நான் சம்மதம் கொடுக்கவே இல்லை என்று அவளிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். என் வயதில் முதல்தடவையாக ஒரு கந்தோரில் மேசையில் விரலால் தட்டினேன், தட்டிய உடனே வெட்கமாகவும் போய்விட்டது. அவள் கோபிக்கவில்லை. கணினியில் தேடி எதையோ எடுத்து, காதில் போடுகிற கருவியை என் தலையில் மாட்டி, ஐயா நீங்களே கேளுங்கோ எண்டு சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். மெலனி, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரலைச் சொல் சொல்லாகத் தெளிவாகக் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை மிக மரியாதையாக, ஒப்பந்தத்தை நீடிக்க விரும்புகிறீர்களா என்று கேட்கிறாள். ஓம் பிள்ளை, ஓம், நல்லது என்று ஒரு கிழவர் பதில் சொல்கிறார். விளக்கம் எல்லாம் விளங்கியதா என்று கேட்கிறாள். அதற்கும் ஓம், எல்லாரும் சுகம், வைக்கட்டோ என்கிறார். அந்தக் கிழவர் நான்தான்.

கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். யதுர்சிகா ஒரு படிவத்தைத் தந்து, காரணம் சரியாக இருந்தால் மேலிடத்தில கேட்டு நிறுத்தித் தாறன் எண்டாள். காரணத்துக்குச் சிறிய கட்டங்கள் இருந்தன. சேவை திருப்தியில்லை, வெளிநாடு செல்கிறேன், வாடிக்கையாளர் இறந்துவிட்டார், வேறு. வேறு என்பதில் கோடிட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். என்ன காரணம் ஐயா எண்டு அவள் கேட்டிருக்கிறாள், மூன்று தரம் கேட்டபிறகுதான் அவள் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. காது கேக்காதோ ஐயா எண்டு அவள் கத்த, வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓம் என்றேன். அந்த ஓம் மட்டும் விளங்கிச் சொன்ன ஓம். அவள் அதையே காரணமாக எழுதினாள், மேலிடமும் சம்மதித்தது. அன்றிலிருந்து முப்பது நாள் இணைப்பு இருக்கும், அதற்குள் மனம் மாறினால் அறிவித்தலைத் திரும்ப எடுக்கலாம் என்று படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. நான் வாசித்தேன். நான் எல்லாவற்றையும் வாசிக்கிறவன்.

உனக்கு இதை மறைத்ததுதான் என் பெரிய பிழை. போன வருடம் தவக்காலத்திலேயே இடது காது போய்விட்டது, வலது காதும் அரைவாசிதான். சிலாபம் ஆசுப்பத்திரியில் டொக்டர் பார்த்துக் கருவி ஒன்றுக்கு எழுதித் தந்திருக்கிறார், வரும் மாதம் வரச் சொல்லியிருக்கிறார், அதைப் போட்டாலும் தொலைபேசிக்கு உதவுமோ தெரியாது என்றும் சொன்னார். அம்மா போனபிறகு நீ இருக்கிற தூரத்துக்கு இந்தக் கவலையையும் அனுப்பவேண்டாம் என்று நினைத்தேன். அண்ணன், உங்களுக்குக் காது கேக்காது எண்டு வளவுக் கோழிக்கும் தெரியும், பெத்த பிள்ளைக்குத்தான் தெரியாது எண்டு மாமி என்னை நெடுகப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன்னைக் கேட்டது இல்லை, மகள், பார்த்தேன். நீ சிரித்தால் நானும் சிரித்தேன், புருவத்தைச் சுருக்கினால் மருந்து குடித்தேன் என்றேன், வாயைச் சாப்பிடுகிறமாதிரிக் காட்டினால் பாணும் சம்பலும் என்றேன், தினுஷன் விழுந்த பல்லைக் காட்டினால் கை தட்டினேன். இப்படி ஒன்றரை வருடம் சமாளித்தது கெட்டித்தனம் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் இந்த மாதம் முதல் ஞாயிறு நீ படம் இல்லாமல் எடுத்தாய். ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, வலைத்தொடர்பு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். காதுக்குள் ஏதோ அசைவு மாதிரி உன் குரல். நான் வழக்கம்போல ஓம் மகள், ஓம், அப்படியே செய் என்றேன்.

நீ என்ன கேட்டாய் என்று எனக்கு முந்தநாள்தான் தெரியவந்தது. தில்லையடியில் இருந்து காணித் தரகர் ஜபார் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, கிணற்றடியில் இருந்து உன் சீதனக் காணியை நாடா பிடித்து அளக்கத் தொடங்கினார். பயந்து ஓடிப்போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர், என் வலப்பக்கம் வந்து நின்று உரத்துச் சொன்னார், றெஜிஸ்தார் ஐயா, ஒங்கட மகள் சொல்லித்தான் வந்தேன், காணிய வித்துட்டு இத்தாலியிலேயே வீடு வாங்கி இருந்திடட்டுமா எண்டு ஒங்கள்ட்ட ரெண்டு தரம் கேட்டாவாம், வாப்பா வேணாம் எண்டா விக்கமாட்டேன் எண்டும் சொன்னாவாம், நீங்க ரெண்டு தரமும் ஓம் எண்டு சொல்லிட்டீங்களாம், மகளுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான் எண்டார். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் இந்தப் பகுதியில் விவாகப் பதிவாளராக இருந்தவன் நான். பெண்ணின் சம்மதத்தை அவளுடைய வாயால் கேட்காமல் ஒரு பதிவிலும் கையெழுத்து வைத்ததில்லை. வெட்கத்தில் பிள்ளை தலையாட்டினாலும் போதாது, தாய் அவளுக்காக ஓம் என்றாலும் போதாது, இன்னாசித்தம்பியின் மகளை நாலு தரம் கேட்டு அவர்கள் வீட்டார் என்னோடு கோபித்ததும் உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் தன் பிள்ளை கேட்ட கேள்வியைக் கேட்காமலே ஓம் என்றிருக்கிறேன். நீ அங்கே முகத்தை மறைத்துக்கொண்டு அழுதிருக்கிறாய், நான் இங்கே அப்படியே செய் என்றிருக்கிறேன்.

ஜபாரிடம் முப்பது நாள் பொறுக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, என்ன ஐயா, கல்யாணத்துக்கு ஒட்டுறமாதிரி இதுக்கும் அறிவித்தல் ஒட்டப்போறீங்களா எண்டார். ஓம், அப்படித்தான் என்றேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், வேறு ஆளுக்கும் காட்டமாட்டேன் என்று வாக்குத் தந்திருக்கிறார். மாமி உடனே உனக்கு எடுத்துச் சொல்லவா என்று நின்றாள், நான் விடவில்லை. இந்தப் பதில் இன்னொருவர் வாயால் உனக்கு வரக்கூடாது. தொலைபேசியின் அந்தச் சின்னக் கண்ணாடித் திரையில் எழுதி அனுப்பலாமே என்பாய், என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழுகிறது, இந்த விடயத்தில் ஒரு எழுத்தும் மாறி விழ நான் விரும்பவில்லை.

ஆகவே, மகள், நான் சொன்ன இரண்டு ஓமையும் இந்தக் கடிதத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் கேள்வியை இப்போதுதான் நீ என் முன்னால் நின்று கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். காணியை விற்றுவிட்டு அங்கேயே இருந்துவிடட்டுமா அப்பா என்று கேட்கிறாய். இல்லை, மெலனி. வேண்டாம். எனக்கு விருப்பமில்லை. நீ ஒருநாள் வந்து பக்கத்து வளவில் வீடு கட்டி இருப்பாய் என்றுதான் அம்மா போன நாளில் இருந்து காலையில் எழும்புகிறேன். ஒரு பிள்ளையிடம் இப்படிக் கேட்பது தன்னலமோ என்று யோசித்தேன், தன்னலம்தான். இந்த வரியை மூன்று தரம் வாசித்துவிட்டேன், வெட்டவில்லை. உங்கள் வாழ்க்கை அங்கே எப்படி என்று எனக்கு முழுவதும் தெரியாது, தினுஷன் அந்த மொழியில்தான் கனவு காண்கிறான் என்று நீயே முன்னொரு கடிதத்தில் எழுதினாய். இதை வாசித்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று நீயும் றொகானும் நினைத்தால், காரணத்தை எழுது, சின்னக் கட்டத்துக்குள் அடக்காமல் எத்தனை பக்கம் வந்தாலும் எழுது. நான் வாசித்துவிட்டுப் பதில் எழுதுவேன். அப்போது ஓம் என்று வந்தால் அது உன் அப்பா கேட்டுச் சொன்னது, நீ அழவேண்டியதில்லை.

கம்பனிக்குக் கொடுத்த அறிவித்தலைத் திரும்ப எடுக்கவில்லை. அவசரம் என்றால் மாமியின் இலக்கம் இருக்கிறது. குளிர் தொடங்கமுன் தினுஷனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, காது விடயத்தில் என்னைப்போல அசட்டையாக இருக்கவேண்டாம். புனித அன்னம்மாள் உங்கள் மூவரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு. ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த மாதம், ஐப்பசி பதின்மூன்றாம் திகதிவரை அந்தத் தொலைபேசி வேலை செய்யும். இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வருகிற ஞாயிறு படத்தோடு எடு. ஒன்றும் பேசவேண்டாம், முகத்தைக் காட்டு, போதும்.

உன்மேல் பாசமுள்ள அப்பா,
சூ. அன்ரனிப்பிள்ளை