பின்பக்கத்துத் தள்ளுபடி

விழுப்புரம்,
10.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் அதிலும் சண்டை வரும். போனை எடுத்தால் மூன்றாவது வார்த்தையிலேயே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். வேலை விஷயத்தை எழுதி அனுப்பிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். வேணி அக்கா வீட்டுக்காரர் தினமும் திண்டிவனத்துக்குத்தானே வேலைக்கு வருகிறார், கவரைக் கடையில் கொடுத்துவிடுவார்.

மயிலம் கல்யாண ஆல்பத்தை முடித்துவிட்டேன். பென்டிரைவ் உள்ளே இருக்கிறது. மாப்பிள்ளை பாதிப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும் படத்திலும் அப்படியே. வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறேன், சொன்னாலொழியத் தெரியாது.

அவர்கள் முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் சீட்டில் பார்த்தேன். முன்பணம் முழுதாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று நம் ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கழிக்கவில்லை. "அவங்க கேக்கல" என்பீர்கள். பனமலை அம்மணிக்கும் அதையேதான் சொன்னீர்கள். புருஷன் காரியத்துக்குப் பெரிய படம் போட வந்தவள், களையெடுத்த கையோடு வந்து நின்றாள். மறைந்தவர் படத்துக்குப் பாதி விலை என்று நாமே அச்சடித்துவிட்டு முழு விலையை வாங்கினீர்கள். நான் எடுத்துச் சொன்னதற்கு அவள் முன்னாலேயே, "கடை இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்றீர்கள். நான் கிளம்பி அக்கா வீட்டுக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அப்புறம் உங்கள் அக்கா பேச, என் அண்ணன் பேச, அது விவாகரத்து, வக்கீல் வரைக்கும் போய்விட்டது.

இந்தத் தாளை அடையாளம் தெரிகிறதா? அச்சகத்தில் முன்பக்கம் விழாமல், தள்ளுபடி இருக்கிற பின்பக்கம் மட்டும் அச்சாகி வந்ததே, அந்த வேஸ்ட் கட்டு. வரும்போது எடுத்து வந்துவிட்டேன், அதன் வெற்றுப் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிரபாவதி


திண்டிவனம்,
14.06.2024

அன்புள்ள பிரபாவுக்கு,

கவர் வந்தது. மாப்பிள்ளைக்கு நீ கொடுத்த கண் அவருடைய சொந்தக் கண்ணைவிட நன்றாக இருக்கிறது. சாப்பாடு ஓட்டலில்தான். நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

தள்ளுபடியை நானா ஒளித்து வைத்தேன்? 'பின்பக்கம் பார்க்கவும்' என்று முன்பக்கத்தில் போட்டுத்தானே இருக்கிறது? ஆனால் ஒரு ஆளாவது பார்க்கிறானா? நேற்று ஒலக்கூரிலிருந்து ஒருவர் வந்தார். தங்கச்சி நிச்சயதார்த்த ஆல்பம். தாளைக் கையில் விசிறிக்கினே அரை மணி நேரம் பேரம் பேசினார். "அண்ணே, நம்ம ஆளுன்னு உங்ககிட்ட வந்துக்கினு இருக்கேன், பாத்து கொறைச்சுப் போடுங்க" என்றார். இருநூறு குறைத்தேன். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு ஜெயித்த மாதிரி எழுந்து போனார். விசிறிய தாளை ஒரு தடவை திருப்பியிருந்தால் ஆயிரத்துக்கு மேல் குறைந்திருக்கும்!

நீ திட்டுகிறாயே என்று ஒரு டீச்சரம்மாவிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "ஏன் சார், பழைய ஸ்டாக் பேப்பர்ல போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். இப்போது சொல், நான் என்ன செய்ய? ஆடித் தள்ளுபடி என்றால் ஜவுளிக்கடை வாசலில் ஜனம் முட்டி மோதுகிறது. நான் கொடுத்தால் திருட்டு முழி முழிக்கிறார்கள்.

அம்மணி விஷயம் வேறு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. செத்தவர் படத்துக்கு யாரும் விலை குறைத்துக் கேட்கமாட்டார்கள். அது தெரிந்துதான் அந்த வரியைப் போட்டேன் என்று நீ நினைக்கிறாய். நினைத்துக்கொள்.

வியாபாரம் படுத்துவிட்டது. எல்லார் கையிலும் செல்போன். பாஸ்போர்ட் சைஸுக்குத்தான் கடைக்கு வருகிறார்கள்.

தென்னரசு


விழுப்புரம்,
28.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஒலக்கூர்காரர் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நிச்சயதார்த்தப் படங்களில் பந்தலின் பச்சை விளக்கு எல்லார் முகத்திலும் விழுந்திருக்கிறது. சரி செய்ய இன்னும் நான்கு நாளாகும். பாஞ்சாலம் காதுகுத்து படங்களையும் சேர்த்து அனுப்புங்கள், ஒன்றாக முடித்துவிடுகிறேன். மானிட்டர் அடிக்கடி அணைந்துவிடுகிறது, பழைய மானிட்டர் கடையில் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி கோர்ட். இருவரும் நின்று சம்மதம் சொல்லிவிட்டால் அன்றோடு முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரபாவதி

மாமா, கையெழுத்துப் போட்ட பிறகும் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. முன்பக்கம் நிரம்பிவிட்டதால் பின்பக்கத்தில், நம் தள்ளுபடி வரிகளுக்கு மேலே இருக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

எனக்கு இந்த விவாகரத்து வேண்டாம். நான் வேண்டாம் என்றது அந்தப் பேச்சைத்தான், உங்களை அல்ல. வீம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு தினமும் வருத்தப்படுகிறேன். "கோர்ட்டுக்கு வராதே" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிடுகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். இதற்குப் பதில் வராவிட்டால் உங்களுக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொள்வேன். இன்னொரு தடவை கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன்.

பிரபா


திண்டிவனம்,
03.07.2024

அன்புள்ள பிரபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் வேலைச் சீட்டுகளோடு கம்பியில் குத்திவைத்துவிட்டேன், மறந்துவிடக் கூடாதே. பாஞ்சாலம் படங்கள் இத்துடன் இருக்கின்றன. மானிட்டர் நாளை அனுப்புகிறேன், அதன் ஓரத்தில் ஒரு கோடு விழும், பொறுத்துக்கொள்.

கோர்ட்டுக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடு. தாமதமானால் வாய்தா போட்டுவிடுவார்களாம். இதற்காக இன்னொரு நாள் கடையைச் சாத்த என்னால் முடியாது. ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள்.

ஒலக்கூர்காரர் மறுபடி வந்தார். அவருடைய மச்சான் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டாராம். "இன்னாண்ணே, ஏமாத்திப்புட்டீங்களே" என்று ஒரே பேஜார். கையில் கொடுத்ததைத் திருப்பிப் பார்க்க சோம்பல், பழி மட்டும் என் தலையில். இவர்களுக்கெல்லாம் என்ன கொடுத்தும் பிரயோசனம் இல்லை பிரபா.

தென்னரசு


விழுப்புரம்,
05.07.2024

மாமாவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. புரிந்துகொண்டேன். பத்து மணிக்கு வந்துவிடுகிறேன்.

நிச்சயதார்த்த ஆல்பம் இத்துடன் இருக்கிறது. அவருக்குத் தள்ளுபடியைக் கழித்துவிடுங்கள்.

பிரபாவதி


திண்டிவனம்,
21.09.2024

அன்புள்ள பிரபா,

தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு இப்படி எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

ஆர்டர் தாள் தீர்ந்துபோய்விட்டது. புதிதாக அடிக்கும்போது தள்ளுபடியை முன்பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நீ சொல்லிச் சொல்லிக் கேட்காததை நீ போன பிறகு செய்கிறேன். அச்சகத்தில் காட்ட மாதிரித் தாள் ஒன்றுகூட இல்லை. கம்பியில் உன் கடிதங்கள் இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில்தான் தள்ளுபடி இருக்கிறதே என்று ஒன்றை உருவி, உன் எழுத்து மேலே தெரிகிற மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அச்சகத்து தேவசகாயம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, தள்ளுபடிக்கு மேல பேனாவுல என்னமோ எழுதிக்கினு இருக்குதே, இதையும் சேத்து அடிக்கணுமா?" என்று கேட்டார்.

அங்கே நின்றுகொண்டே படித்தேன். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்.

பிரபா, நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் எனக்கு மனப்பாடம், அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்கு வா, வாய்தா போட்டுவிடுவார்கள் என்று உனக்குப் பதில் எழுதியிருக்கிறேனே, அதை நினைத்தால் என் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது. கோர்ட் வராந்தாவில் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பசி என்று நினைத்து, "டீ சாப்பிடறியா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய்ச் சம்மதம் சொன்னாய். நீ சொன்னதால்தான் நானும் சொன்னேன்.

போன வாரம் பனமலைக்குப் போய் அம்மணியிடம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கையால்கூடத் தொடவில்லை. "வேணாங்க. அவுரு படத்த முழு வெல குடுத்து வாங்குனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். அதக் கொறைச்சுடாதீங்க" என்றாள். எதைச் சரி செய்யப் போனாலும் இப்படித்தான் ஆகிறது.

நீ எழுதச் சொன்ன வரியை இப்போது எழுதுகிறேன். கோர்ட்டுக்கு வராதே. கடைக்கு வந்துவிடு. மறுபடி மயிலம் கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டாம்.

இதற்கு மட்டும் பதில் எழுது.

தென்னரசு


விழுப்புரம்,
29.09.2024

மாமாவுக்கு,

இனி அப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா முன்னாலேயே அழுதேன். நீங்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று தெரிந்ததில் மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஆனால் நான் வரமாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் எட்டு வருஷமும் நாம் இப்படித்தான் இருந்திருக்கிறோம். காய்ச்சல் என்று வாயால் சொல்லமாட்டேன், மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். நீங்கள் அட்டையை நகர்த்திவிட்டுக் கேமராவை வைப்பீர்கள். உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தாளின் பின்பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று உங்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். என் வாழ்க்கையையே கொண்டுபோய் அங்கே எழுதினேன். எனக்கு நேராகக் கேட்கத் தெரியவில்லை, உங்களுக்குத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. மறுபடி சேர்ந்தால் கொஞ்ச நாள் பயத்தில் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். அப்புறம் பழையபடி ஆகிவிடும்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தபோது ஸ்டேஷனிலிருந்து வரும் அக்கா வீட்டுக்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். வராந்தாவில் நீங்கள் வாயைத் திறந்தபோதுகூட, வராதே என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். டீ வேண்டுமா என்றீர்கள். அதை இன்னொரு தடவை தாங்க என்னால் ஆகாது மாமா.

புதுச்சேரியில் ஓர் ஆல்பம் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கண்டமங்கலம் வழியாகப் போகும் காலை பஸ்ஸில் தினமும் போய்வரப்போகிறேன். உங்கள் படங்களுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டரை அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

தள்ளுபடியை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது நல்லது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இது கடையில் வாங்கிய தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, திருப்பிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
பிரபாவதி