தென்னைக்கு மேலே வந்த ஹெலிகாப்டர்

என் அருமை அண்ணிக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. ஆனாலும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் மகளிர் குழுவின் மருந்தடிக்கும் ட்ரோனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். பயிற்சிக்குப் போன இடத்தில் ரிமோட்டை உங்கள் கையில் திணித்து, "நீங்களே ஓட்டுங்க அண்ணி, நான் வரப்புல நின்னு பாத்துக்கறேன்" என்றவள்தானே நான்.

மகளிர் குழுவில் உரிமம் வாங்கியது நாம் இரண்டு பேர்தான். மஞ்சள் காமாலை உங்களைப் பத்தே நாளில் கொண்டுபோன பிறகு மிச்சம் இருந்தவள் நான். ட்ரோன் பறக்கும்போது வானத்தைப் பார்த்து வரப்பில் காவல் நிற்க அண்ணன் வந்தார். ஆமாம், உங்கள் வீட்டுக்காரரேதான். பெண்களுக்கு எதற்கு இந்த வேலை என்று உங்களோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனுஷர், பேட்டரிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறார். உங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெயிலுக்கு உங்கள் தொப்பியைத்தான் போட்டுக்கொள்கிறார்.

கார்த்திகைக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். திருக்கடையூர் பக்கம் ஒருவர் வயலுக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டிருந்தார். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு. காலையில் போனில், எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தேன். வயல் இருந்த இடம் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் பறக்கலாம். நீங்கள் செய்வதுபோல இன்னொரு தடவையும் பார்த்தேன்.

வயலின் தென்பக்கம் தென்னந்தோப்பு. திரும்பி வரும்போது மரத்தில் இடிக்கக் கூடாதென்று, மட்டைக்கு மேலே ஏறி வரும்படி உயரத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மருந்து தீர்ந்ததும் ட்ரோன் தானாகவே மேலே ஏறத் தொடங்கியது. அந்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. அண்ணன் குனிந்து, சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயி கண் பயிரைத்தானே தேடும்?

நிமிர்ந்தவர் கத்தினார். "மாலதி, இறக்கு. கீழ இறக்கு."

தோப்புக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தது. எங்காவது இறங்கப் போகிற தாழ்வு. அதன் அடிவயிற்றில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரிந்தது. நான் ட்ரோன் தானாக ஏறுவதை நிறுத்தி, ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துப் பிடித்தேன். ட்ரோன் பயிருக்குள் போய் விழுந்தது. தென்னை மட்டைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய, ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே போய் அடுத்த ஊர் மைதானத்தில் இறங்கியது.

கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்த பெரிய வீட்டுக்காரர்களாம். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? பேரப்பிள்ளைகள் இருந்தார்களா? அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தால்?

ட்ரோனில் இரண்டு இறக்கை உடைந்திருந்தது, அவ்வளவுதான். வயல்காரர் இதை வெளியே சொல்ல வேண்டாம், ஒருத்தரும் பார்க்கவில்லை என்றார். உரிமம் போய்விடும் என்று அண்ணனும் பயந்தார். ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதுதான் அண்ணி, என்னை உறுத்தியது. ஹெலிகாப்டரை ஓட்டியவரும் பார்க்கவில்லையா? சேற்றுக் காலோடு மைதானத்துக்கு நடந்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தார், தடுக்கவில்லை.

ஹெலிகாப்டர் நிழலில் விமானி ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, நம் பக்கத்துப் பேச்சு. எங்கே, எவ்வளவு உயரம், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலை மூடியவர் தோப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாக்கவே இல்லைம்மா," என்றார். "என் கண்ணு மைதானத்து மேல இருந்துது. நீங்களும் எழுதிக் குடுங்க, நானும் எழுதறேன்."

விமானத்துறை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை பறக்க விடக் கூடாது என்றார்கள். சம்பாவில் வேலை குவிந்த நேரம். குழுவில் எல்லோர் வருமானமும் நின்றது. தலைவி என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: "வாய மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பொங்கலுக்கு முன்னால் முடிவு வந்தது. ஹெலிகாப்டர் வரும் தகவல் வரைபடத்தில் ஏறவே இல்லையாம். அதை யார் ஏற்றியிருக்க வேண்டும் என்று இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கமும் ஒரு குறை எழுதியிருந்தார்கள்: காவல் நின்றவர் வானத்தைக் கவனிக்கவில்லை. உரிமம் தப்பியது. அண்ணன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அது என் தப்பு," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுபடி பறக்கிறோம். ஆனால் தெருவில் புல்லட் வண்டி வந்தால்கூட நான் மேலே பார்க்கிறேன். இப்போது சுகாதாரத் துறையிலிருந்து புதிதாக ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கொள்ளிடத்து அக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ரத்த மாதிரிகளை ட்ரோனில் டவுனுக்குக் கொண்டு வர வேண்டும். பாதி தூரத்துக்கு மேல் ட்ரோன் கண்ணில் படாது. திரையில் நகரும் புள்ளியை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அக்கரையில் நிறைமாதமாக இருக்கிற பெண்களை நினைத்தால் மறுக்க மனம் வரவில்லை. கடைகளுக்குச் சாமான் கொண்டுவரவும் ட்ரோன் வரப்போகிறதாம். அத்தனையும் மேலே ஏறிவிட்டால் யாருக்கு யார் வழி விடுவது? வரைபடம் அன்றைக்குப் போலப் பச்சையைக் காட்டிக்கொண்டே இருந்தால்?

வழியில் ஆற்றங்கரை நெடுக ஆள் நிற்க வேண்டும், அந்த வழியில் ஹெலிகாப்டர் எது வந்தாலும் முன்னாலேயே எனக்குப் போன் வர வேண்டும், இரண்டுக்கும் சம்மதித்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மூன்று வாரமாகிறது. வேறு ஆளைத் தேடுகிறார்களோ என்று ஒரு கவலை, சரி என்று சொல்லிவிடுவார்களோ என்று இன்னொரு கவலை.

எது வந்தாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணி. மனதில் துளி சந்தேகம் வந்தாலும் இறக்கிவிடுவேன், ட்ரோன் உடைந்தாலும் சரி. என் கையில் நடந்த தவறை, கேட்க ஆள் இல்லாவிட்டாலும், நானே போய்ச் சொல்வேன். அண்ணனை வேளைக்குச் சாப்பிட வைப்பேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
மாலதி