வஞ்சிப்பட்டை

உம் மேசை இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள். சுண்ணக்கட்டித் துண்டுகளுக்கு அடியில் உம் தலைவலி மாத்திரைப் புட்டி கிடந்தது. திறந்ததும் புளித்த காடி வாடை. ஈரம் பட்டுக் கெட்ட ஆஸ்பிரின் அப்படித்தான் மணக்கும். வேதியியல் வாத்தியாரான எனக்கு அது தெரியும். தெரிந்தும் மூடியைச் சட்டென்று மூட முடியவில்லை. நீர் போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது.

எட்டு வருடத்துக்கு முன் பள்ளி ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டீர். தமிழாசிரியர் நீர்தான் அப்போது மலருக்குப் பொறுப்பு. காய்ச்சலுக்கும் வலிக்கும் மனிதன் முதலில் கை நீட்டியது செடிகொடிகளிடம் என்று தொடங்கினேன். சிங்கோனா பட்டையிலிருந்து கொயினா, கசகசாச் செடியின் பாலிலிருந்து மார்பின். ஆஸ்பிரினில் வந்து தடுக்கியது. பட்டைக் கசாயத்தால் காய்ச்சலைத் தணித்து அதற்கு வழிகாட்டிய ‘வில்லோ’ மரத்துக்குத் தமிழில் என்ன பேர்?

“வஞ்சி. ஆத்தோரமா நிக்கும். அது பிரம்புன்னு சொல்லுதவனும் இருக்கான். சண்டைக்கு வந்தாம்னா நான் பாத்துக்கிடுதேன், நீரு எழுதும் வே.”

தலைமையாசிரியர் கட்டுரையை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். “வஞ்சின்னா பொம்பளைல்லா? காய்ச்சல்காரன் பொம்பளையவா இடிச்சுக் கசாயம் வைப்பான்?”

அறையே சிரித்தது. கணித வாத்தியார் மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்று முதல் அவரோடு ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை, இனியும் குடிக்கப்போவதில்லை. தலைமையாசிரியர் வஞ்சியைச் சிவப்பு மையால் அடித்து ‘வில்லோ’ என்று எழுதினார். “சரி சார்” என்றேன். கொயினா கூட இவ்வளவு நாள் தொண்டையில் கசக்காது.

ஆனால் மலர் அச்சாகி வந்தபோது ஏழு இடத்திலும் வஞ்சியே இருந்தது. அச்சகத்தில் போய் உட்கார்ந்து மாற்றச் செய்திருக்கிறீர்.

“யார் பாத்த வேலை இது?” என்றார் தலைமையாசிரியர்.

“நான்தான் சார். சாலிசிலிக் அமிலம்னு வாய் கூசாமச் சொல்லுதோம். அந்தப் பேருக்குள்ள லத்தீன்காரன் ‘சாலிக்ஸ்’னு அவன் வஞ்சி மரத்த வச்சிருக்கான். நம்ம மரத்த நாம சொன்னா மட்டும் சிரிப்பாணியா?”

மலர்ப் பொறுப்பை உம்மிடமிருந்து பிடுங்கினார்கள். கடைசிவரை திருப்பித் தரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோயில் வாசல் பூக்கடைகளைத் தாண்டும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீர் விடவில்லை.

“படையெடுத்துப் பகைவன் மண்ணுக்குள்ள போறவன் எந்தப் பூவ வே சூடுவான்?”

“வஞ்சி.”

“இந்தக் கடையில கிடைக்காது. நாமதான் கொண்டு போகணும்.”

அந்தத் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மலர் இப்போது கணித வாத்தியார் கையில். உம்மைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார். “நல்ல விதமா எழுதுங்க. அந்த வஞ்சிக் கதை மட்டும் வேண்டாம் சார்.”

அந்த ஒரு பக்கம்தான் இது. தலைப்பிலேயே வஞ்சியை வைத்திருக்கிறேன். அவர் அடித்தால் அச்சகத்துக்கு நான் போவேன். சூடப் பூ இல்லை, உம் புட்டி என் சட்டைப்பையில் இருக்கிறது. யார் பார்த்த வேலை என்று கேட்கட்டும். இந்தத் தடவை பதில் சொல்ல நான் இருக்கிறேன்.