சாமரம் வீசுகிறவள்

ஆகஸ்ட் 12, ஞாயிறு
திருமங்கலம்

என் மாடி அறையில் டிவி இல்லை. ராஜா காலத்துத் தொடர் பார்க்க இன்றும் கீழே வீட்டுக்கார அக்காவிடம் போனேன். இளையராணி மூத்தவளின் பாலில் விஷம் கலப்பதோடு முடித்துவிட்டார்கள். உடனே கூடத்தில் பேச்சு சூடுபிடித்தது.

"பெத்த பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கணும்னுதான பண்ணுனா? அவ மேல என்ன தப்பு?" என்றார் அக்கா.

"அதுக்காகக் கொலையா? அம்புட்டும் பேராசை" என்றார் பக்கத்து வீட்டம்மா.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. "விஷம் கலந்ததப் பாத்தது ஒருத்திதான்க்கா. பின்னாடி நின்னு சாமரம் வீசுறாளே, அவ. இனிமே கதையே அவ கையிலதான்."

அக்கா திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒருத்தி வாராளா டீச்சர்?"

முதல் வாரத்திலிருந்து வருகிறாள். எல்லாக் காட்சியிலும் ராணியின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். இத்தனை பேரும் கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்? வசனம் கொடுக்காவிட்டால் அவளுக்குக் கண்ணும் இல்லை என்று ஆகிவிடுமா? இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு இளையராணியின் அட்டிகைக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டம்மாவை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து அக்கா டிவியை அணைத்தார். கூடத்து விளக்கையும் அணைத்தார். கதவைச் சாத்தப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே லேசாக இருமினேன்.

"ஆத்தீ! டீச்சர், நீங்க இன்னும் போகலையா?"