ஐந்து கிலோ வரைக்கும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் போன மாதம் பிறந்த குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம் என்று இதுவரை எழுதிவந்தேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

மலம் சேர வயிற்றில் மாட்டியிருக்கும் பையை எப்போது எடுப்பார்கள், எடுத்ததும் கிளம்பி வாங்கப்பா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாக நான் சொன்னது பொய். மலக்குடலையே எடுத்தாகிவிட்டது, திரும்ப இணைக்க அங்கே ஒன்றும் இல்லை, சாகிறவரை பைதான் என்று ஆபரேஷன் நடந்த வாரமே சொல்லிவிட்டார். நாற்பது வருடம் கயிறு விற்றவன், இற்றுப்போன கயிற்றை ஒருவன் தலையிலும் கட்டியதில்லை, பெற்ற மகள் தலையில் கட்டிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று நினைத்து, கடை நேரத்தில் பை நிறையாமல் இருக்கக் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவேன், கடையை அடைத்த பிறகுதான் சாப்பாடு. சட்டை புடைத்துத் தெரியுமே என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஐந்து மாதம் இப்படியே ஓட்டினேன். வெறும் வயிற்றில் காற்றுதான் அதிகம் சேரும் என்பது எனக்கெங்கே தெரியும்? படகு வைத்திருப்பவர் கயிறு வாங்க வந்து பேசிக்கொண்டிருக்கையில் பை சத்தம் போட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, என்ன முதலாளி, நாற்காலியிலேயே வேர் விட்டுட்டீங்களா, எந்திரிச்சு ஒரு சுருளை எடுத்துப் போடுங்க என்று சிரித்தார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூக்க வந்த கடைப்பையன் நெட்டையனைத் தள்ளிவிட்டு ஐம்பது கிலோச் சுருளை நானே தூக்கினேன். அன்றே பையைச் சுற்றி வயிறு பந்து மாதிரி பிதுங்கிவிட்டது. குடலிறக்கமாம். அதற்கும் ஒரு ஆபரேஷன் உண்டு, ஆனால் இந்த உடம்பு இனி கத்தியைத் தாங்காது என்றார் டாக்டர்.

பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். பட்டினி கிடந்து, உக்காந்தே இருந்து, வயித்துத் தசையை நூலா ஆக்கிட்டு மலையைத் தூக்கப் போனீங்களா, பையோட ஓடுறவங்க இருக்காங்க, நீச்சல் அடிக்கிறவங்க இருக்காங்க, நீங்க நடக்கக்கூட இல்லையே என்றாள். வேளைக்குச் சாப்பாடு, தினம் நடை, இடுப்பில் பெல்ட், ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, ஆயுசுக்கும்.

தெருவில் நடக்க உடம்பு கூசுகிறது. அதனால் கயிறு அளக்கும் வேலையை நெட்டையனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். கிடங்குச் சுவர் ஆணியிலிருந்து வாசல்வரை இருபது மீட்டர். நேற்று ஒருவர் முந்நூறு மீட்டர் நைலான் கேட்டார், பதினைந்து முறை இழுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து முறை திரும்பினேன். இதை நடைன்னு சொன்னா அந்த நர்ஸே சிரிப்பா என்கிறாள் உன் அம்மா. அவள் பேச்சுக்காகப் பஸ் நிறுத்தம்வரை மூன்று நாள் போனேன். மூன்று நாளும் பஸ் வந்தது, கூட்டத்தைப் பார்த்ததும் கை வயிற்றுக்குப் போனது, ஏறாமல் திரும்பினேன். இந்த லட்சணத்தில் உன் ஊர்வரை எங்கே வருவது? எனக்கு டிக்கெட் எடுக்காதே. முடிந்தால் நீ குட்டியைக் கொண்டு வா. உட்கார்ந்து மடியில் வைச்சுக்கிட்டா ஆகாதா என்கிறாள் அம்மா. ஆகாது. உன்னை நின்றபடி தூக்கிக்கொண்டுதான் கடைத்தெரு முழுக்கக் காட்டினேன், இதையும் ஒரு தடவையாவது அப்படித் தூக்க வேண்டும்.

பச்சை உடம்புக்காரி, நேரத்துக்குச் சாப்பிடு, என்னைப் போல் வயிற்றை ஏய்க்காதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே குட்டியை எடை போட்டு எத்தனை கிலோ என்று எழுது.

உன் அப்பா